அட்வெந்து வகுப்பில் மேசியா தீர்க்கதரிசனங்கள்: எதை எடுப்பது, எதை விடுவது?

ஆலயமணி கேட்கிறார்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வெந்து காலத்தின் நான்கு ஞாயிறுகளிலும் ஆராதனை முடிந்ததும் பெரியவர்களுக்கு வேத வகுப்பு வைக்கிறோம். ஒவ்வொன்றும் 45 நிமிஷம். தலைப்பு, “மேசியாவைக் குறித்த தீர்க்கதரிசனங்களும் நிறைவேறுதலும்”.

கையில் இருப்பது வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல்தான். இடப்பக்கம் பழைய ஏற்பாட்டு வசனம், வலப்பக்கம் புதிய ஏற்பாட்டு வசனம், முந்நூற்றுக்கு மேல் இருக்கிறது. வகுப்பில் கல்லூரிப் பிள்ளைகளும் உண்டு. “ஏசாயா 7 ஆகாஸ் காலத்துச் சங்கதி”, “ஏசாயா 53 இஸ்ரவேல் ஜனத்தைப் பற்றியது” என்றெல்லாம் இணையத்தில் படித்துவிட்டு வருகிறார்கள். அவர்களுக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும், விசுவாசத்தையும் கட்டி எழுப்ப வேண்டும். எந்த நான்கு பகுதிகளை எடுக்கலாம்? தானியேலின் எழுபது வாரக் கணக்கைச் சேர்க்கலாமா?

---

ஈசாயின்தளிர்:

சகோ, பட்டியலை வகுப்புக்குள் கொண்டுபோகவே வேண்டாம். மூன்று வெவ்வேறு விதமான வசனங்களை அது ஒன்றாகக் கொட்டி வைத்திருக்கிறது. பிள்ளைகள் மடக்குவது அந்தக் கலப்படத்தில்தான்.

முதல் விதம், வரப்போகிற ஒருவரைப் பற்றி நேராகவே பேசுவது. மீகா 5:2 அப்படிப்பட்டது. ஏரோது கேட்டவுடன் பிரதான ஆசாரியரும் வேதபாரகரும் தயங்காமல் பெத்லெகேமைச் சொல்கிறார்கள் (மத்தேயு 2:5). யோவான் 7:42-இல் சாதாரண ஜனங்களுக்கும் அது தெரிந்திருக்கிறது. எதிர்பார்ப்பு முன்பே இருந்தது என்பதற்கு நற்செய்தி நூல்களுக்குள்ளேயே சாட்சி இருக்கிறது.

இரண்டாவது, முன்னடையாளம். ஓசியா 11:1-இல் “எகிப்திலிருந்து என்னுடைய குமாரனை வரவழைத்தேன்” என்பது நடந்து முடிந்த யாத்திராகமச் சம்பவம். பட்டியலோ இதை இயேசுவைப் பற்றிய முன்னறிவிப்பு என்று போட்டிருக்கும். ஒரு பிள்ளை அடுத்த வசனத்தைப் படித்தால் போதும்: 11:2-இல் அதே ஜனம் பாகால்களுக்குப் பலியிடுகிறது. “இதுவும் இயேசுவா?” என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. மத்தேயு 2:15 சொல்ல வருவது வேறு. இஸ்ரவேல் நடந்த வழியை இயேசு மறுபடி நடக்கிறார்: எகிப்து, தண்ணீர், வனாந்தரத்தில் 40 நாள். சோதனைக்காரனுக்கு அவர் சொல்லும் மூன்று பதில்களும் உபாகமம் 6, 8 அதிகாரங்களிலிருந்து வருகின்றன. இஸ்ரவேல் விழுந்த இடத்தில் அவர் நிற்கிறார். இப்படிச் சொல்லிக் கொடுத்தால் ஓசியா 11:2 உங்கள் பக்கத்துச் சாட்சியாகிவிடும்.

மூன்றாவது, துன்பப்பட்ட ஒருவரின் ஜெபம் இயேசுவின் பாடுகளில் முழு அளவில் ஒலிப்பது. சங்கீதம் 22 அது. 1, 8, 18 வசனங்கள் நற்செய்திகளில் சிலுவைக் காட்சியில் வருகின்றன. ஆனால் பட்டியல்கள் பெரிதாக எடுத்துக்காட்டும் 16-ஆம் வசனத்தை (“என் கைகளையும் என் கால்களையும் உருவக் குத்தினார்கள்”) புதிய ஏற்பாட்டு ஆசிரியர் யாருமே மேற்கோள் காட்டவில்லை. அப்போஸ்தலர்கள் எதில் அழுத்தம் வைத்தார்களோ அதில் நாமும் வைப்போம்.

எண்ணிக்கை பற்றி ஒரு வார்த்தை. “456 தீர்க்கதரிசனங்கள்” என்று ஒரு எண் அடிபடும். அது ஆல்ஃபிரட் எடர்ஷைம் 1883-இல் வெளியிட்ட இயேசு வரலாற்றின் பின்னிணைப்பிலிருந்து வந்தது. பழைய யூத நூல்கள் மேசியாவோடு சம்பந்தப்படுத்திய இடங்களை அவர் எண்ணினார்: ஐந்தாகமத்தில் 75, தீர்க்கதரிசிகளில் 243, மற்ற நூல்களில் 138. இயேசுவில் நிறைவேறியவை 456 என்று அவர் சொல்லவில்லை. அதேபோல “எட்டு தீர்க்கதரிசனம் தற்செயலாக நிறைவேற 10-இன் 17-ஆம் அடுக்கில் ஒரு வாய்ப்பு” என்ற கணக்கையும் விட்டுவிடுங்கள். நிகழ்தகவுகளைப் பெருக்க வேண்டுமானால் அவை ஒன்றையொன்று சாராதவையாக இருக்க வேண்டும். தாவீதின் வம்சமும் தாவீதின் ஊரும் எப்படித் தனித்தனியாகும்? கழுதைக்குட்டியின்மேல் பவனி வந்ததோ, சகரியா 9:9-ஐ அறிந்து இயேசு தாமே ஏற்பாடு செய்தது. அது வேண்டுமென்றே கொடுத்த அடையாளம் என்பதில்தான் அதன் வல்லமை இருக்கிறது. புள்ளியியல் படிக்கும் பிள்ளை ஒருவர் உட்கார்ந்திருந்தால் இந்தக் கணக்கு இரண்டு நிமிஷம் தாங்காது.

இனி நான்கு பகுதிகள்.

முதல் ஞாயிறு ஏசாயா 7 முதல் 11 வரை ஒரே மூச்சில். “ஒரு கன்னிகை கர்ப்பவதியாகி ஒரு குமாரனைப் பெறுவாள்” என்ற 7:14-ஐ மட்டும் தனியே பிடுங்கினால்தான் சண்டை. வருஷம் சுமார் கி.மு. 734. சீரியாவின் ரேத்சீனும் இஸ்ரவேலின் பெக்காவும் சேர்ந்து எருசலேமைத் தாக்கி, யூதாவின் ராஜா ஆகாசை இறக்கிவிட்டுத் தாபேயாலின் குமாரனை ராஜாவாக்கப் பார்க்கிறார்கள் (7:6). அடையாளம் கொடுக்கப்படுவது இந்த நெருக்கடியில். பிள்ளை நன்மை தீமை அறியுமுன் அந்த இரண்டு ராஜாக்களின் தேசமும் வெறுமையாகும் என்கிறது 7:16. தமஸ்கு கி.மு. 732-இலும் சமாரியா 722-இலும் அசீரியாவிடம் விழுந்தன. ஆகவே “இது ஆகாஸ் காலத்துச் சங்கதி” என்று சொல்லும் பிள்ளைக்கு முதலில் “ஆமாம், சரி” என்று சொல்லுங்கள். பிறகு மேலே வாசிக்கச் சொல்லுங்கள். அசீரியன் முதலில் பிடுங்கிக்கொண்ட செபுலோன், நப்தலி தேசத்தில்தான் 9:1-2-இல் வெளிச்சம் உதிக்கிறது. 9:6-இன் பாலகன் தாவீதின் சிங்காசனத்தில் முடிவில்லாமல் அரசாளுகிறார். 11:1-இல் மரம் வெட்டுண்டு அடிமரம் மட்டும் மிஞ்சுகிறது, அதிலிருந்து துளிர். ஆகாசின் மகன் எசேக்கியா நல்ல ராஜாதான். ஆனாலும் 9:7-உம் 11:9-உம் சொல்லும் அளவுக்கு அவன் எட்டவில்லை. அந்த மீதிதான் மேசியாவுக்கான இடம்.

இரண்டாம் ஞாயிறு 2 சாமுவேல் 7, சங்கீதம் 89, மீகா 5. இங்கே ஒரு பள்ளம் உண்டு. 2 சாமுவேல் 7:14-இன் முற்பாதியை எபிரெயர் 1:5 இயேசுவுக்குச் சொல்கிறது. பிற்பாதி, “அவன் அக்கிரமம் செய்தால் தண்டிப்பேன்” என்பது சாலொமோனுக்கும் அவன் வாரிசுகளுக்கும். முழு வசனத்தையும் இயேசுவின்மேல் ஏற்றிவிடாதீர்கள். சங்கீதம் 89-ஐக் கட்டாயம் சேருங்கள். 37-ஆம் வசனம் வரை உடன்படிக்கையைப் புகழ்ந்துவிட்டு, 38-இலிருந்து “நீர் எங்களைத் தள்ளிவிட்டீர்” என்று அழுகிறது. சிங்காசனம் என்றைக்கும் நிற்கும் என்ற வாக்கு ஒரு பக்கம், கி.மு. 587-இல் எருசலேம் விழுந்து ராஜாவே இல்லாமல்போன நிலைமை மறுபக்கம். மேசியா எதிர்பார்ப்பு முளைத்து வளர்ந்தது இந்த இடைவெளியில்.

மூன்றாவது ஏசாயா 52:13 முதல் 53:12 வரை. நான்காவது ஏசாயா 61-உம் லூக்கா 4-உம்.

நேரம்: முழுப் பகுதியையும் சத்தமாக வாசிக்க 8 நிமிஷம், முதலில் கேட்டவர்களுக்கு அது என்ன சொன்னது என்பதற்கு 15, புதிய ஏற்பாடு எங்கே எப்படி எடுத்தாளுகிறது என்பதற்கு 12, கேள்விகளுக்கு 10. நடுவிலுள்ள 15-ஐ யாரும் சுருக்காதீர்கள். அவசரத்தில் அதைத்தான் முதலில் வெட்டுவார்கள், அதை வெட்டினால் மறுபடி பட்டியல்தான் மிஞ்சும்.

---

விடியற்காலம்:

நான் கத்தோலிக்கத் தரப்பு. எங்கள் திருவிவிலியத்தில் எசாயா, மீக்கா, செக்கரியா என்று பெயர்கள் சற்று மாறும். கலப்பு வகுப்பு என்றால் பலகையில் இரண்டையும் எழுதிவிடுங்கள், தேடும் நேரம் மிச்சம்.

எசாயா 53 பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். துன்பப்படும் ஊழியரைப் பற்றிய இந்தப் பாடல் 53:1-இல் தொடங்குவதில்லை, 52:13-இல் தொடங்குகிறது. மொத்தம் 15 வசனங்கள், மும்மூன்றாக ஐந்து பத்திகள்: 52:13-15, 53:1-3, 4-6, 7-9, 10-12. ஐந்து பேரை வைத்து வாசிக்கச் செய்யுங்கள். நடுப்பத்தி 4-6. “நம்முடைய” என்பது அங்கே அடுக்கடுக்காக வரும். முதலும் கடைசியும் கடவுள் பேசுவது: “என் ஊழியர்”. நடுவில் பேசுவது “நாம்”. இந்தக் கட்டமைப்பு காதில் விழுந்துவிட்டால் பாதி விளக்கம் முடிந்தது.

“இது இஸ்ரயேல் மக்களைப் பற்றியது” என்ற வாதத்தை இணையத்து விஷமம் என்று தள்ளாதீர்கள். எசாயா 41:8, 44:1, 49:3 ஆகியவற்றில் ஊழியன் இஸ்ரயேல் என்றே எழுதியிருக்கிறது. 3-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ அறிஞர் ஒரிஜன் தம் காலத்து யூத அறிஞர்கள் 53-ஐ மக்கள் அனைவரையும் குறிப்பதாக விளக்கினார்கள் என்று பதிவு செய்திருக்கிறார். 11-ஆம் நூற்றாண்டில் யூத உரையாசிரியர் ராஷியும் அப்படித்தான் உரை எழுதினார். மறுபக்கம், யோனத்தான் தர்கூம் என்னும் அரமேய விளக்கம் 52:13-இல் “என் ஊழியராகிய மெசியா” என்றே சொல்கிறது. ஆனால் துன்பத்தை அவர்மேல் வைக்காமல் பிறர்மேல் மாற்றிவிடுகிறது. யூத மரபுக்குள்ளேயே ஒரே குரல் இல்லை.

கிறிஸ்தவ விளக்கம் நிற்கும் இடம் 49:5-6. 49:3-இல் இஸ்ரயேல் எனப்பட்ட ஊழியனுக்கு, இரண்டு வசனம் தள்ளி, இஸ்ரயேலையே கடவுளிடம் திரும்பக் கொண்டுவரும் பணி தரப்படுகிறது. ஆக இஸ்ரயேலின் அழைப்பை இஸ்ரயேலுக்காகவே நிறைவேற்றும் ஒருவர் இருக்கிறார். 53:8-இல் “என் மக்களின் குற்றத்திற்காக” அவர் அடிக்கப்படுகிறார். மக்களும் ஒருவரும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. அந்த ஒருவருக்குள் மக்கள் அடங்குகிறார்கள். இதை யூதர்களைக் குறைத்துப் பேசாமல் சொல்ல முடியும், சொல்லவும் வேண்டும்.

சாக்கடல் அருகே கும்ரான் குகைகளில் கிடைத்த சுருளைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். பெரிய எசாயா சுருள் 1947-இல் முதல் குகையிலிருந்து வெளிவந்தது. 17 தோல் துண்டுகளைத் தைத்துச் சேர்த்தது, நீளம் 7.34 மீட்டர், 54 பத்திகள், எழுதிய காலம் சுமார் கி.மு. 125. அதுவரை கையிலிருந்த முழு எபிரேயப் பிரதிகளைவிட ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு பழையது. 53-ஆம் அதிகாரம் 44-ஆம் பத்தியில் இருக்கிறது. இது நிரூபிப்பது ஒன்றைத்தான்: அந்த அதிகாரம் கிறிஸ்துவுக்கு முன்பே இருந்தது, பிறகு யாரும் எழுதிச் சேர்க்கவில்லை. அது யாரைக் குறிக்கிறது என்பதைச் சுருள் சொல்லாது. இந்த இரண்டையும் குழப்பிப் பேசினால் விவரம் தெரிந்தவர் உடனே பிடித்துவிடுவார்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. மத்தேயு 8:17-இல் 53:4 சிலுவைக்கு அல்ல, நோயாளிகளைக் குணமாக்கியதற்குச் சொல்லப்படுகிறது. யோவான் 12:38-இலும் உரோமையர் 10:16-இலும் 53:1 மக்களின் நம்பாமைக்கு. பாவங்களைச் சுமந்தவர் என்ற பொருள் முழுமையாக வருவது 1 பேதுரு 2:22-25-இல். அதுவும் எங்கே? கொடுமைக்காரத் தலைவர்களிடம் அடிபடும் அடிமைகளுக்கு ஆறுதல் சொல்லும் இடத்தில். கடைசிப் பத்து நிமிஷத்துக்கு இதைவிடச் சிறந்த பேச்சுப்பொருள் கிடைக்காது.

---

நெகேமியா_மதில்:

எழுபது வாரக் கணக்கைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் எழுதுகிறேன். நான்கு வார வகுப்பில் இது வேண்டாம் என்பதே என் எண்ணம். ஆனால் கேட்டால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

தானியேல் 9:24-27-இல் 70 வாரம் 7, 62, 1 என்று பிரிகிறது. ஒரு வாரத்துக்கு 7 வருஷம் என்று வைத்தால் மொத்தம் 490, மேசியா வரும்வரையான முதல் 69 வாரத்துக்கு 483. “எருசலேமைத் திரும்ப எடுப்பித்துக் கட்டும் கட்டளை” எது என்பதில்தான் பிரிவினை. பாரசீக ராஜா கோரேசின் கட்டளை கி.மு. 538 என்றால் 483 வருஷம் கி.மு. 55-இல் வந்து நிற்கும், அங்கே யாரும் இல்லை. அர்தசஷ்டாவின் 7-ஆம் வருஷம், எஸ்றா 7, கி.மு. 457 என்றால் கி.பி. 27. (பூஜ்ய வருஷம் கிடையாது, ஆகவே 483-இலிருந்து 457-ஐக் கழித்து 1 கூட்ட வேண்டும். இந்த 1-ஐ மறப்பதுதான் எல்லாரும் செய்கிற பிழை.) அதே ராஜாவின் 20-ஆம் வருஷம், நெகேமியா 2, கி.மு. 445 என்றால் கி.பி. 39, சிலுவைக்குப் பிந்திவிடுகிறது.

இதைச் சரிக்கட்டத்தான் சர் ராபர்ட் ஆண்டர்சன் 360 நாள் வருஷத்தைக் கொண்டுவந்தார். 483 × 360 = 1,73,880 நாள். கி.மு. 445 மார்ச் 14-இலிருந்து எண்ணி, கி.பி. 32 ஏப்ரல் 6-இல், குருத்தோலைப் பவனியில் முடித்தார். நம் சபைகளில் சுற்றும் வரைபடங்கள் பெரும்பாலும் இதன் வாரிசுகள். குறை என்ன? யூதர்களின் காலண்டர் சந்திர மாதங்களோடு அதிக மாதம் சேர்த்துச் சூரிய வருஷத்தோடு ஒத்துப்போவது. 360 நாளாக வருஷக்கணக்கில் ஓடவிட்டால் பஸ்கா வசந்தத்தைவிட்டு நகர்ந்துவிடும். அதே அதிகாரம் 9:2-இல் எரேமியாவின் 70 வருஷம் சாதாரண வருஷமாகவே எடுக்கப்படுகிறது. சிலுவைக்குப் பொதுவாக ஏற்கப்படும் வருஷங்களும் 30 அல்லது 33-தான், 32 பொருந்துவது கடினம். பிற்பாடு ஹரால்ட் ஹோனர் தொடக்கத்தை 444-க்கு மாற்றி முடிவை 33-க்குக் கொண்டுபோனார். 360 நாள் சிக்கல் அப்படியே இருக்கிறது.

மற்றொரு விளக்கம் கி.மு. 167-இல் ஆலயத்தைத் தீட்டுப்படுத்திய சீரிய ராஜா அந்தியோகஸ் எப்பிபானஸில் முடிக்கிறது. 587-இலிருந்து 49 வருஷம் 538, அழகாகப் பொருந்துகிறது. அதற்கு அடுத்த 434 வருஷம் 104-க்குப் போய்விடுகிறது. 9:26-இல் சங்கரிக்கப்படுபவராக இந்த விளக்கம் கொள்ளும் ஆசாரியன் மூன்றாம் ஓனியா கொல்லப்பட்டது சுமார் 171. அறுபத்தேழு வருஷம் இடிக்கிறது. ஆக எல்லாருடைய கணக்கிலும் எங்கேயோ ஒரு நெருடல் உண்டு. 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சபைப் பிதா எரோனிமு தம் தானியேல் உரையில் முன்னோர் பலரின் கணக்குகளை வரிசையாக எடுத்து வைத்துவிட்டு, தீர்ப்புச் சொல்லாமல் வாசகரிடமே விட்டார். நமக்கும் அதுவே நல்லது.

---

காலமும்நேரமும்:

நெகேமியா_மதில் அண்ணன் சொல்லும் கணக்குகள் சரி, முடிவில்தான் எனக்குச் சம்மதமில்லை. தானியேலை முழுக்க விட்டால் ஒரு பெரிய சங்கதி விடுபடும்: இயேசுவின் காலத்தில் எதிர்பார்ப்பு ஏன் அவ்வளவு கொதித்தது என்பது. கும்ரானின் 11-ஆம் குகையில் கிடைத்த மெல்கிசேதேக் சுருள் 10 யூபிலிகளை எண்ணுகிறது, 49 × 10, அதே 490. முடிவில் ஏசாயா 52:7-இன் சுவிசேஷகன் வருகிறான், விடுதலை வருகிறது. ஜனங்கள் காலத்தை எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு இது நேரடிச் சாட்சி. தேதியைப் போடாமல் இந்த எதிர்பார்ப்பை மட்டும் பத்து நிமிஷத்தில் நான்காம் ஞாயிறு சொல்லலாம்.

457-ஐயும் லேசாகத் தள்ள வேண்டாம். எஸ்றா 7-இன் கடிதம் ஆலய வழிபாட்டைப் பற்றியது, மதிலைப் பற்றி இல்லை என்பது உண்மை. ஆனால் அர்தசஷ்டாவின் நாட்களில் நகரத்தைக் கட்டுகிறார்கள் என்ற புகார் எஸ்றா 4:12-இல் வருகிறது. கி.பி. 27 ஞானஸ்நானத்தோடு நெருங்கிவரும் வருஷம். “நெருங்கிவருகிறது” என்று மட்டும் சொல்லி நிறுத்துங்கள்.

எதிர்பார்ப்பு தவறான ஆளிடம் போன கதையும் சொல்லத்தக்கது. எண்ணாகமம் 24:17-இன் நட்சத்திரத்தை யூத போதகர் ரபி அகிபா, கலகத் தலைவன் சீமோன் பர் கோக்பாவுக்குச் சொன்னார். கி.பி. 132 முதல் 135 வரை நடந்த அந்தக் கலகம் ரோமரிடம் பேரழிவாக முடிந்தது. வசனம் எல்லார் கையிலும் இருந்தது. யார்மேல் அதை வைப்பது என்பதே கேள்வியாக இருந்தது.

---

ஆலயமணி:

மிக்க நன்றி. எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்தது. பட்டியலைக் கைவிட்டுவிட்டேன், தானியேலை நான்காம் வாரம் காலமும்நேரமும் சொன்ன அளவில் வைக்கிறேன். இன்னும் இரண்டு கேள்விகள், நிச்சயம் வரும் என்று தெரிந்தவை. முப்பது வெள்ளிக்காசை மத்தேயு 27:9 எரேமியா சொன்னதாகச் சொல்கிறது, ஆனால் வசனம் சகரியாவில் இருக்கிறது. அப்புறம், “சிங்கமும் ஓநாயும் இன்னும் சாந்தமாகவில்லையே, யுத்தம் ஓயவில்லையே, பிறகு எப்படி மேசியா வந்துவிட்டார்?” இதற்கு என்ன சொல்வது?

---

ஈசாயின்தளிர்:

முதல் கேள்வி சுலபம். முப்பது காசும் குயவனும் சகரியா 11:12-13. ஆனால் குற்றமில்லாத இரத்தம், குயவன் கலசம், அடக்கம்பண்ணும் இடமாகப் பேர் மாறும் பள்ளத்தாக்கு எல்லாம் எரேமியா 19. பணம் நிறுத்து நிலம் வாங்குவது எரேமியா 32, அங்கே விலை 17 சேக்கல். மத்தேயு இரண்டையும் பின்னி, பெரிய தீர்க்கதரிசியின் பெயரை மட்டும் சொல்கிறார். 27:8-இல் நிலத்துக்கு “இரத்தநிலம்” என்று பேர் வந்ததை உடனே முன்னால் வைத்திருப்பதைக் கவனியுங்கள், அது எரேமியா 19-இன் வாசனை. இப்படி இரண்டு இடங்களை இணைப்பது அவருக்குப் புதிதல்ல: 2:6-இல் மீகா 5:2-ஓடு 2 சாமுவேல் 5:2-ஐச் சேர்த்திருக்கிறார். மத்தேயு 27, சகரியா 11, எரேமியா 19, 32 ஆகிய நான்கையும் பலகையில் வரிசையாக எழுதிக் காட்டினால் ஐந்து நிமிஷத்தில் தெளிந்துவிடும்.

இரண்டாவது கேள்விதான் கனமானது. யூதர்களின் முக்கிய மறுப்பும் அதுதான், நியாயமானதும்கூட. ஏசாயா 2:4-இல் பட்டயங்கள் மண்வெட்டிகளாகின்றன, 11:6-இல் ஓநாய் ஆட்டுக்குட்டியோடு தங்குகிறது. இவை நிறைவேறிவிட்டன என்று ஆவிக்குரிய அர்த்தம் சொல்லி நழுவாதீர்கள். அப்போஸ்தலர் 3:21-இல் பேதுரு எல்லாம் நிறைவேறித் தீரும் காலம் இன்னும் இருக்கிறது என்றே பிரசங்கிக்கிறார். 2-ஆம் நூற்றாண்டில் யுஸ்தீன் மார்ட்டிர் திரிப்போ என்னும் யூதரோடு வாதிட்டபோது வைத்த பதில் இரண்டு வருகை: தாழ்மையில் ஒன்று, மகிமையில் ஒன்று. அட்வெந்து காலமே அந்த இரண்டையும் சேர்த்து நோக்குகிறது, ஆகவே இந்தக் கேள்வி உங்கள் வகுப்புக்கு வெளியிலிருந்து வருவதல்ல.

நான்காம் ஞாயிறு லூக்கா 4:16-21-ஐ வாசிக்கும்போது ஒருவர் ஏசாயா 61:1-2-ஐத் திறந்து வைத்துக்கொண்டு கூடவே விரலால் தொடரட்டும். இயேசு “கர்த்தருடைய அநுக்கிரக வருஷத்தை” என்ற இடத்தில் புஸ்தகத்தைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு உட்காருகிறார். ஏசாயாவில் அதே வாக்கியம் “நம்முடைய தேவன் நீதியைச் சரிக்கட்டும் நாளையும்” என்று தொடர்கிறது. விரல் எங்கே நிற்கிறது, எது பாக்கி என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் விளக்க ஆரம்பிப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.